துரு நீக்கப்பட்ட வரலாறு: ஒரு ஜெர்மன் ராணுவ வண்டியை முன்வைத்து

1

சும்மா சொல்லக் கூடாது, வண்டி அழகாகத்தான் இருந்தது. மங்கிய மஞ்சள் நிறம். நாலு பக்கமும் தகரப் பெட்டி மாதிரி தட்டையான உடல், அதில் நெளியாமல் இருப்பதற்காக அழுத்தி எடுத்த வரி வரியான புடைப்புகள். சரிந்த மூக்கின் மேல் ஒரு உபரிச் சக்கரம். பக்கத்தில் மண்வெட்டி ஒன்று வாரால் கட்டியிருந்தது. சில வருஷங்களுக்கு முன்பு ஜெர்மனியின் வட பகுதியில், ஒரு சிறு நகரத்தின் சந்தைத் திடலில், பழைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் கூடிக் காட்டும் ஞாயிற்றுக்கிழமையில் அதைப் பார்த்தேன். கூட்டிப் போனவர் என் ஈழத்து நண்பர். எண்பதுகளில் அகதியாகப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். எனக்கு ஜெர்மன் தெரியாது. அன்றைக்கு எனக்கு வாயும் காதும் அவர்தான்.

வண்டியின் பெயர் க்யூபெல்வாகன். 'க்யூபெல்' என்றால் வாளி. கதவில்லாத பழைய ராணுவ வண்டிகளில் ஆள் வெளியே விழுந்துவிடாதபடி குழிந்த இருக்கைகள் வைத்தார்கள். வாளி இருக்கை வண்டி என்ற நீண்ட பெயர் சுருங்கி வாளி வண்டி ஆனது. ஃபோக்ஸ்வாகன் ஆலையில் டைப் 82 என்ற எண்ணோடு 1940 தொடங்கி 1945 வரை 50,000க்கு மேல் செய்யப்பட்டவை. அமெரிக்கர்கள் அதே யுத்தத்தில் 6 லட்சத்துக்கு மேல் ஜீப்புகள் செய்தார்கள் என்பதோடு ஒப்பிட்டால் இது சின்ன எண்ணிக்கைதான். மிச்சமிருப்பவை அதனினும் குறைவு. அதனால்தான் இந்த மோகம், இந்த விலை.

வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற மெக்கானிக். நல்ல மனிதர். ஒரு தடித்த கோப்பை விரித்து, வண்டி கிடைத்த நாள் முதல் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். துருப்பிடித்த கூடு. மணல் பீய்ச்சித் துருவை உரித்த கூடு. அசல் திருகாணிகள், அசல் விளக்கு. எண் பொறித்த தகட்டை வைத்துப் பார்த்தால் வண்டி பிறந்தது 1943 இலையுதிர்காலமாம். 1943 தொடக்கத்திலிருந்து ஜெர்மன் ராணுவம் சாம்பல் நிறத்தைக் கைவிட்டு மஞ்சளுக்கு மாறியதால் இந்த நிறம்தான் சரி, மற்றவர்கள் அடிப்பதெல்லாம் தப்பு என்றார். இந்த ஒரு நிறத்துக்காக மாசக்கணக்கில் அலைந்திருக்கிறார்.

நண்பர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அண்ணை, இவரட்டக் கேக்கட்டே, உதை ஆர் செய்ததெண்டு?"

கேட்டார். அவர் சந்தேகமே இல்லாமல் சொன்னார்: "போர்ஷே."

"இல்லை, கையால் செய்தது யார்?" என்று மறுபடி கேட்டார் நண்பர். அவர் தோளைக் குலுக்கி, "தொழிலாளர்கள்தான், வேறு யார்" என்று சொல்லிவிட்டு எஞ்சினைக் காட்டப் போய்விட்டார்.

இந்தக் கட்டுரை அந்தத் தோள் குலுக்கலைப் பற்றியது.

2

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். ஏனென்றால் இத்தகைய வண்டிகளைச் சுற்றி எழும் சொல்லாடலின் மையம் அதுதான். பின்புறத்தில் நாலு சிலிண்டர், காற்றாலேயே குளிரும் எஞ்சின். தண்ணீர் கிடையாது, ஆகவே ருஷ்யக் குளிரில் உறையாது, ஆப்பிரிக்க மணலில் கொதிக்காது. ஆரம்பத்தில் 985 சிசி, 1943இலிருந்து 1131 சிசி. குதிரைத் திறன் 25ஐச் சுற்றித்தான். நாலு சக்கர இழுவை இல்லை, பின் சக்கரம் மட்டும்தான். ஆனாலும் எடை குறைவு, அடிப்பாகம் தட்டை. சேற்றில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். எல்லாம் உண்மைதான். நான் மறுக்கவில்லை.

இதில் ஒரு விவரம் என்னை நிறுத்தியது. ராணுவம் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, மூட்டை சுமந்து நடக்கும் சிப்பாயின் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 4 கிலோமீட்டரில், வண்டி ஊர்ந்து போக வேண்டும் என்பது. அதற்காகத்தான் பின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்களைச் சேர்த்தார்கள். அதனாலேயே வண்டி தரையிலிருந்து இன்னும் உயர்ந்தது. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு 100 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கலாம் என்று ஜனங்களுக்கு விற்கப்பட்ட கனவு, சிப்பாயின் காலடிக்கு ஏற்பக் குறைக்கப்பட்டது. பல்சக்கரத்துக்கும் அரசியல் உண்டு.

அந்தக் கனவின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1933 மே 2ஆம் தேதி நாஜிகள் ஜெர்மன் தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றினார்கள். தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். கட்டடங்களும் பணமும் 'ஜெர்மன் உழைப்பு முன்னணி' என்ற நாஜி அமைப்பிடம் போயின. ராபர்ட் லை அதன் தலைவர். தொழிலாளர்களின் ஓய்வையும் உல்லாசத்தையும் நிர்வகிக்க அதற்கு ஒரு கிளை இருந்தது. பெயர் 'மகிழ்ச்சியால் வலிமை'. 1938 மே 26இல் ஃபாலர்ஸ்லேபன் என்ற ஊருக்கருகே ஹிட்லர் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார். காருக்குப் பெயர் 'மகிழ்ச்சியால் வலிமை வண்டி'. ஆலை எழுந்தது, பறிக்கப்பட்ட தொழிற்சங்கச் சொத்தின் மேல். சங்கத்தை உடைத்த காசில் தொழிலாளிக்குக் கார் என்றார்கள்.

காரின் விலை 990 மார்க். 1938 ஆகஸ்டிலிருந்து வாரம் 5 மார்க் கட்டி, முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 198 வாரம். முதல் வாரமே தொடங்கி ஒரு வாரம்கூடத் தவறாமல் ஒட்டியவருக்கு 1942 மே மாதவாக்கில் முடிந்திருக்கும். ஏறக்குறைய 3,36,000 பேர் சேர்ந்தார்கள். ஒருத்தருக்கும் கார் வரவில்லை. யுத்த காலத்தில் செய்த சுமார் 630 சாதாரண கார்களும் பெரிய மனிதர்களுக்கும் அதிகாரிகளுக்கும் போயின. 1942 மேயில் அந்தக் காரின் எஞ்சின் வாளி வண்டியின் முதுகில் உட்கார்ந்து கிழக்குப் போர்முனையில் ஓடிக்கொண்டிருந்தது.

'ஃபோக்ஸ்வாகன்' என்றால் மக்கள் வண்டி. மக்கள் என்றால் யார்? 1938 டிசம்பர் 3இல் யூதர்களின் ஓட்டுநர் உரிமங்களையும் வண்டிப் பதிவுகளையும் ஹிம்லர் ரத்து செய்தார். அடிக்கல் நாட்டி ஏழு மாதம்கூட ஆகவில்லை. மக்கள் என்ற சொல்லே ஒரு வேலி. உள்ளே இருப்பவரிடம் பணம் வாங்கினார்கள், வெளியே தள்ளப்பட்டவரைச் சாலையிலிருந்தே துரத்தினார்கள். வேலிக்கு வெளியே இருந்த இன்னொரு கூட்டத்தை ஆலைக்குள்ளே கொண்டுவந்தார்கள்.

3

அந்த மூன்றாவது கூட்டம்தான் நண்பரின் கேள்விக்குப் பதில்.

1940 கோடையில் போலந்துப் பெண்கள் கொண்டுவரப்பட்டார்கள். உடையில் 'பி' என்ற எழுத்துத் துணியைத் தைத்துக்கொண்டுதான் அவர்கள் நடமாட வேண்டும். 1941 இலையுதிர்காலத்தில் சோவியத் போர்க் கைதிகள், பட்டினியால் குற்றுயிராக வந்து சேர்ந்தார்கள். 1942இலிருந்து உக்ரைன், ருஷ்யா, பெலாரஸ் பகுதிகளிலிருந்து இளம்பெண்களும் ஆண்களும் வந்தார்கள். இவர்களுடைய அடையாளத் துணி 'ஓஸ்ட்', அதாவது கிழக்கு. அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை ஆலை வளாகத்திலேயே ஒரு வதைமுகாம் இருந்தது. அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: 'உழைப்புக் கிராமம்'. 1943இல் பிரெஞ்சு இளைஞர்கள் கட்டாய வேலைக்கு வந்தார்கள். செப்டம்பரில் இத்தாலி சரணடைந்த பிறகு இத்தாலியச் சிப்பாய்கள், நேற்றுவரை கூட்டாளிகள், இன்று கைதிகள். 1944இல் மறுபடியும் வதைமுகாம் கைதிகள். அவுஷ்விட்ஸிலிருந்து கொண்டுவரப்பட்ட ஹங்கேரிய யூதப் பெண்களும் அவர்களில் உண்டு. யுத்த காலம் முழுக்கச் சேர்த்தால் சுமார் 20,000 பேர். 1944இல் ஆலையில் வேலை செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு இவர்கள்தான்.

ஆக, 1943 இலையுதிர்காலத்து வண்டி என்றாரே அந்த மெக்கானிக், அந்தத் தேதிக்கு ஆலையில் யார் யார் நின்றார்கள் என்று நம்மால் சொல்ல முடியும். போலந்துப் பெண்கள் நின்றார்கள். 'ஓஸ்ட்' துணி தைத்த பெண்கள் நின்றார்கள். சோவியத் கைதிகள், பிரெஞ்சு இளைஞர்கள், புதிதாக வந்து சேர்ந்த இத்தாலியர்கள் நின்றார்கள். நிறத்தைத் தீர்மானித்த அதே எண் தகடு இதையும் தீர்மானிக்கிறது. தகட்டைப் படிக்கத் தெரிந்தவர் பாதி படித்துவிட்டு நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை. அந்தப் பெண்களுக்குக் குழந்தைகள் பிறந்தன. தாய் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகப் பிறந்த சில நாட்களிலேயே பிரித்து 'பராமரிப்பு இல்லம்' என்று பெயரிட்ட இடத்தில் வைத்தார்கள். 1944இல் அது ரூஹென் என்ற பக்கத்துக் கிராமத்துக்கு மாற்றப்பட்டது. அழுக்கிலும் தொற்றிலும் கவனிப்பின்மையிலும் 350க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தன. 1946இல் ஹெல்ம்ஷ்டெட் நகரத்தில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் ஆலை மருத்துவர் ஹான்ஸ் கெர்பெலுக்கு மரண தண்டனை விதித்தது, 1947இல் தூக்கிலிட்டார்கள். எஞ்சின் சூடேறுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற புத்தகங்களில் ரூஹென் எத்தனை தடவை வருகிறது என்று தேடிப் பார்க்கலாம்.

4

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்தது. பிறகு அந்தப் பகுதி பிரிட்டிஷ் நிர்வாகத்துக்குப் போனது. 'மகிழ்ச்சியால் வலிமை வண்டியின் நகரம்' என்றிருந்த ஊர், மே மாத இறுதியில் பக்கத்துக் கோட்டையின் பெயரால் வோல்ஃப்ஸ்பூர்க் ஆனது. மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் ஆலையை மறுபடி ஓட வைத்தார். 1955 ஆகஸ்டில் பத்து லட்சமாவது 'வண்டு' கார் வெளியே வந்தது. ஜெர்மானியர்கள் 1945ஐ 'பூஜ்ஜிய நேரம்' என்பார்கள். கடிகாரம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியதாம். அதற்கு முந்தையது யாரோ, எங்கோ, எப்போதோ.

பூஜ்ஜிய நேரம் என்பது ஒரு தேசத்தைப் புதுப்பித்த கதையாடல். மணல் பீய்ச்சித் துருவை உரிப்பது போலத்தான். உரித்தபின் பளபளப்பான தகரம் தெரிகிறது, அதன்மேல் புது வண்ணம். சந்தைத் திடலில் நான் பார்த்தது அந்தப் பெரிய வேலையின் சின்ன மாதிரி.

ஆனால் பூஜ்ஜியத்தில் எல்லாக் கணக்கும் அழிந்துவிடவில்லை. முத்திரை ஒட்டி ஏமாந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். நாற்பதுகளின் கடைசியில் தொடங்கிய வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கி 1961இல் சமரசமானது: புதுக் கார் வாங்கினால் 600 மார்க்வரை தள்ளுபடி, இல்லாவிட்டால் 100 மார்க்வரை ரொக்கம். சொற்பம்தான். ஆனாலும் நுகர்வோர் என்ற தகுதியில் அவர்களுடைய குறை காதில் விழுந்தது. காரைச் செய்தவர்களின் குறை எப்போது காதில் விழுந்தது? அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குகள் வரும் என்ற நெருக்கடி வந்தபிறகு 1998இல் நிறுவனம் ஒரு நிதியை அமைத்தது. உயிரோடிருந்தவர்களில் 2,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு 10,000 மார்க் கிடைத்தது. 1961க்கும் 1998க்கும் இடையே 37 வருஷம். வாங்க முடியாமல் போனவனுக்கும், அடிமையாக நின்று செய்தவளுக்கும் இடையே உள்ள தூரம் அது. அதற்குள் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

பண்டம் தன்னைச் செய்த கையை மறைக்கும் என்பது நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. இங்கே நடப்பது அதற்கும் மேலே ஒரு படி. சாதாரணப் பண்டம் உழைப்பை மறைக்கிறது. புதுப்பித்த பண்டம் இரண்டு உழைப்புகளை எதிரெதிரே நிறுத்தி, ஒன்றால் மற்றதை மறைக்கிறது. மெக்கானிக்கின் உழைப்பு தெரிகிறது: கோப்பு, படம், பெருமை. அன்பாகச் செய்த உழைப்பு அது, மரியாதைக்குரியது. அந்த அன்பு வண்டியின் மேல் பூச்சாகப் படிந்து, அடியிலிருக்கும் பலவந்தமான உழைப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி ஒரு ஏற்பாடு இருக்கிறது.

சட்டமும் தன் பங்குக்கு உதவுகிறது. ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவு ஸ்வஸ்திகா, எஸ்எஸ் சின்னம் போன்றவற்றைப் பொது இடத்தில் காட்டத் தடை விதிக்கிறது. அது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். சின்னம் மட்டும் குற்றவாளியாகிறது, அதை அழித்ததும் வண்டி குளித்து முழுகின மாதிரி சுத்தமாகிவிடுகிறது. குற்றம் வண்ணத்தில் இருந்தது, தகரத்தில் இல்லை என்று ஆகிப்போகிறது. நான் சொல்வது தகரத்தைப் பற்றி.

5

அப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்கிறாய், வண்டியை உருக்கிவிடவா என்று ஒரு தோழர் கேட்டார். இல்லை. உருக்கினால் எண் தகடும் போய்விடும். அழிப்பது மறதிக்கு இன்னும் சுலபமான வழி. நானும் அன்றைக்கு அந்த வாளி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவன்தான், சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டவன்தான். ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக்கின் தலையில் வரலாற்றின் பாரத்தை மொத்தமாக இறக்கிவிட்டு நான் சுத்தமாக வெளியேற முடியாது.

'அசல்' என்ற சொல்லைத்தான் விவாதிக்க வேண்டும். புதுப்பிப்பவர்களின் உலகத்தில் அசல் என்பது ஆலை வாசலைத் தாண்டிய கணம். அந்தக் கணத்தில் எந்த வண்ணம், எந்தத் திருகாணி, எந்த விளக்கு என்று அங்கே போய் நிற்பதுதான் லட்சியம். வாசலுக்கு இந்தப் பக்கம் நடந்ததையெல்லாம் துருவாகக் கருதி நீக்குகிறார்கள். வாசலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு அடி உள்ளே வைத்தால் போதும்; 'பி' துணியும் 'ஓஸ்ட்' துணியும் கண்ணில் படும். அவர்களுடைய அளவுகோலின்படியே பார்த்தாலும் அது விடுபட்ட உதிரிபாகம்தான்.

உள்ளே அடி வைத்தவர்கள் ஜெர்மனியிலேயே இருக்கிறார்கள். வோல்ஃப்ஸ்பூர்க் நகர ஆவணக் காப்பகத்தின் கிளாஸ்-யோர்க் சீக்ஃப்ரீட் எண்பதுகளில் கட்டாயத் தொழிலாளர்களைப் பற்றிய ஆவணங்களையும் நினைவுகளையும் திரட்டிப் புத்தகங்களாக வெளியிட்டார். ஹான்ஸ் மொம்சனும் மான்ஃப்ரெட் கிரீகரும் எழுதிய பெரும் ஆய்வு 1996இல் வந்தது. 1999இல் ஆலை வளாகத்திலேயே, குண்டுவீச்சுக்கு ஒதுங்கும் பழைய பதுங்கறையில், கட்டாய உழைப்பை நினைவுகூரும் கண்காட்சி ஒன்று திறக்கப்பட்டது. ஆகவே தகவல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தகவல் பதுங்கறையில் இருக்கிறது, வண்டி சந்தைத் திடலில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதில்லை. அதிகாரம் எப்போதும் உண்மையை ஒளித்துத்தான் வைக்கும் என்றில்லை. சில சமயம் உண்மைக்கென்று தனி அறை ஒதுக்கிக் கொடுத்துவிடும்.

திரும்பி வரும்போது ரயிலில் நண்பர் சொன்னார்: "நான் வந்த புதுசில ஒரு இத்தாலியன் சாப்பாட்டுக் கடையில நிண்டனான். உள்ளுக்க கோப்பை கழுவினது, வெங்காயம் வெட்டினது, மாப் பிசைஞ்சது எல்லாம் நாங்கள். சாப்பிட வாறவை, ஆர் சமைச்சதெண்டு கேட்டா முதலாளியின்ர பேரைத்தான் சொல்லுவினம். அதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் செய்தது கூலி வேலை, அண்ணை. விட்டிட்டுப் போகலாம். அதுகளுக்குப் போக ஏலாது. ரெண்டையும் ஒண்டாக்கி எழுதிப்போடாதையுங்கோ" என்றார்.

எழுதவில்லை. அந்த வித்தியாசத்தை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். ஆனால் கேள்வி அவருக்குள்ளிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். பொருளின் முன்னால் நின்று யார் செய்தது என்று கேட்க, எஞ்சின் தெரிந்தவருக்குத் தோன்றவில்லை, புத்தகம் படித்த எனக்கும் தோன்றவில்லை. கோப்பை கழுவியவருக்குத் தோன்றியது.

கிளம்புவதற்கு முன் நண்பர் அந்த மெக்கானிக்கிடம் மறுபடியும் போனார். உங்கள் கோப்பில் முதல் படம், வண்டி துருப்பிடித்துக் கிடக்கும் படம், அதற்கு முன்னால் ஒரு பக்கம் சேர்க்கலாம், 1943 இலையுதிர்காலத்தில் ஆலையில் யார் வேலை செய்தார்கள் என்று எழுதி வைக்கலாம் என்றார். அவர் கோபப்படவில்லை. மொம்சன் புத்தகத்தின் பெயரைக் கேட்டு, வண்ணக் கணக்கு எழுதியிருந்த தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பிறகு வேறு யாரோ வந்து எஞ்சினைப் போடச் சொன்னார்கள். போட்டார். 'வண்டு' காரின் அதே படபடப்புச் சத்தம். கூட்டம் கைதட்டியது.

பக்கத்தைச் சேர்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. சேர்க்காதவரை அது பாதி புதுப்பித்த வண்டிதான்.